வழி சொல்கிறவன் கடன்

வெளியூர் போகிறவர்கள் சிலர் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. கதை எழுதுகிறவனுக்கு எல்லா ஊரும் தெரிந்திருக்கும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. உண்மையைச் சொன்னால், என் கதாபாத்திரங்கள் செய்த பிரயாணத்தில் பத்தில் ஒரு பங்கு கூட நான் செய்ததில்லை. இருந்தாலும் நம்பிக் கேட்டவர்களை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல் எதையாவது சொல்லி வைப்பேன். அப்படிச் சொல்லி வைப்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதைச் சென்ற ஆண்டு மதுரையில் ஒரு புத்தகக் கடையில் நின்றபோதுதான் நன்றாக உணர்ந்தேன். அந்தக் கடைக்கு என்னை அனுப்பி வைத்தவர் சிலமலையில் இருக்கும் என் தாய்மாமன்.

சிலமலை, போடிநாயக்கனூருக்குப் பக்கத்தில் மேற்கு மலையைப் பார்த்துக்கொண்டு இருக்கும் ஊர். அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு ஒரு கால் சமவெளியிலும் ஒரு கால் ஏலமலையிலும் இருக்கும். மாமாவும் அப்படித்தான். இளமையில் கூலிக்கு மலை ஏறியவர். பிறகு தோட்டத்தில் கணக்குப் பார்த்தார். பிறகு சொந்தமாகக் கொஞ்சம் ஏலச் செடி வைத்து, காய் எடுத்து, உலர்த்தி, போடிக்கு விற்பனைக்கு அனுப்பினார். முழங்கால் ஒத்துழைக்க மறுத்த பிறகு கீழே இறங்கிவிட்டார். இப்போது வயது எழுபது. அவருடைய மகளுக்குச் சிங்கப்பூரில் வேலை. பத்து நாள் வந்து இருந்துவிட்டுப் போங்கள் என்று அவள் டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாள்.

மாமா எனக்குப் போன் செய்தார்.

"மாப்ளே, அந்த ஊரைப் பத்திப் படம் போட்ட புத்தகம் ஒண்ணு நல்லதாப் பார்த்து வாங்கி வை. பகல் பூரா பிள்ளை ஆபீசுக்குப் போயிரும். நான் தனியாத்தான் சுத்தணும்."

"புத்தகம் எதற்கு மாமா? கையில்தான் போன் இருக்கிறதே. கேட்டால் எல்லாம் சொல்கிறது" என்றேன்.

"கேட்டதைச் சொல்லும்டா. எதைக் கேக்கணும்னு அது சொல்லுமா?" என்றார் மாமா.

எனக்குப் பதில் தோன்றவில்லை. புத்தகக் கடைக்குப் புறப்பட்டேன்.

கடையில் சிங்கப்பூரைப் பற்றி மூன்று புத்தகங்கள் அகப்பட்டன. முதலாவது வழவழவென்ற காகிதத்தில், பக்கத்துக்குப் பக்கம் வர்ணப் படங்களோடு, கையில் எடுத்தால் மணிக்கட்டு வலிக்கும் கனத்தில் இருந்தது. பெரிய கட்டடங்களின் கூரையை வெட்டித் திறந்து உள்ளே இருப்பதையெல்லாம் சித்திரமாக வரைந்து காட்டியிருந்தார்கள். அழகான வேலை, மறுக்க முடியாது. ஆவலோடு புரட்டினேன். 'லிட்டில் இந்தியா' என்ற பகுதி வந்தது. மல்லிகைச் சரம், மஞ்சள், குங்குமம், கோபுரம் எல்லாம் முழுப் பக்கப் படங்கள். வாழை இலையில் எப்படிச் சாப்பிடுவது, கையால் எப்படிப் பிசைவது, சாப்பிட்டு முடித்ததும் இலையை எந்தப் பக்கம் மடிப்பது என்று படிப்படியாக விளக்கம். என் மாமாவுக்கு வாழை இலையில் சாப்பிடக் கற்றுக்கொடுக்கப் பணம் கொடுத்துப் புத்தகம் வாங்க வேண்டுமா என்று சிரிப்பு வந்தது.

இரண்டாவது சின்னப் புத்தகம். சட்டைப் பையில் அடங்கும். படங்கள் உண்டு, ஆனால் தபால் தலையைவிடச் சற்றுப் பெரியவை. தெருப்படங்கள் அதிகம். எந்த இடம் எத்தனை மணிக்குத் திறக்கும், எந்த நாளில் மூடியிருக்கும், எந்த ரயில் நிலையத்தில் இறங்கி எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதெல்லாம் பொடி எழுத்தில் இருந்தது. மூன்றாவது, தமிழில் எழுதப்பட்ட பழைய பயண நூல். 'உலகம் சுற்றும் தமிழன்' எழுதிய ஏ.கே. செட்டியார் போட்டுக் கொடுத்த பாதையில் வந்த புத்தகம் என்று இரண்டு பக்கம் படித்ததுமே தெரிந்தது. காந்தியடிகளைப் பற்றிப் படம் எடுப்பதற்காகக் கண்டம் கண்டமாக அலைந்தவர் செட்டியார். அவ்வளவு அலைந்தும் தம்மை முன்னால் நிறுத்திக்கொள்ளாமல் பார்த்ததைச் சொல்லி நிறுத்திக்கொள்வது அவர் வழக்கம். அந்தச் சிக்கனம் இந்த நூலிலும் இருந்தது. ஆனால் அதில் இருந்த சிங்கப்பூர்தான் இப்போது இல்லை. அந்த ஆசிரியர் பார்த்தபோது அங்கே பூமிக்கடியில் ரயில் ஓடவில்லை. ரயில் வந்தது 1987-இல்.

மூன்றையும் வைத்துக்கொண்டு முடிவுக்கு வர முடியாமல், கடையிலிருந்தே மாமாவைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"மேல்தோல் பச்சைப் பசேல்னு இருந்தா மயங்கிராதே மாப்ளே. அதுக்குன்னு சாயம் ஏத்துறவனும் இருக்கான். காயை உரிச்சு அரிசியைப் பாரு. கறுப்பா இருந்தா விளைஞ்ச காய். வெளுத்துக் கெடந்தா பிஞ்சிலே பறிச்சது."

"புத்தகத்தை எப்படி மாமா உரிப்பது?"

"உனக்குத் தெரிஞ்ச ஊரைப் பத்தி அதே ஆளுக என்ன எழுதியிருக்காகன்னு பாரு. தெரிஞ்ச ஊரு விஷயத்திலே தப்புப் பண்றவன் தெரியாத ஊரு விஷயத்திலே மட்டும் சரியா இருப்பானா?"

இதைவிடச் சிறந்த சோதனையை எந்த விமரிசகரும் சொல்லி நான் கேட்டதில்லை. வர்ணப் புத்தகத்தை வெளியிட்டவர்களே இந்தியாவைப் பற்றியும் ஒன்று வெளியிட்டிருந்தார்கள். அதை எடுத்து எங்கள் பக்கத்தைத் தேடினேன். போடி இல்லை, சிலமலை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. மூணாறு இருந்தது. அதற்குள் டாப் ஸ்டேஷன் என்ற மலை விளிம்பைப் பற்றி ஒரு படமும் நான்கு வரியும் இருந்தன. விளிம்பில் ஒரு பெண் நின்று கிழக்கே பார்க்கிறாள். கீழே வெள்ளையாகப் பனிமூட்டம். 'மூட்டத்தில் மறைந்த தமிழ்நாட்டுச் சமவெளி' என்ற பொருளில் அடிக்குறிப்பு.

அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மூட்டத்துக்கு அடியில்தான் போடி இருக்கிறது. என் மாமாவின் வீடு இருக்கிறது. என் தாயார் தண்ணீர் எடுத்த கிணறு இருக்கிறது. இத்தனைக்கும் டாப் ஸ்டேஷன் தமிழ்நாட்டு எல்லைக்குள், தேனி மாவட்டத்துக் கொட்டகுடிப் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. பெயரே எங்கள் பக்கத்தால் வந்தது. மூணாற்றுத் தேயிலை சிறு ரயிலில் அந்த உச்சி நிலையத்துக்கு வரும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு போடிக்கு வரும். 1924-ஆம் வருஷத்து வெள்ளம் அந்த ரயிலை அழித்துவிட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. இதெல்லாம் நான்கு வரியில் அடங்காது என்பது நியாயந்தான். ஆனால் கீழே மனிதர்கள் இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

முதலில் எனக்குக் கோபம் வந்தது. சற்று யோசித்ததும் அது தணிந்தது. அந்தப் புத்தகக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து எங்கள் ஊர் மூட்டமாகத்தான் தெரிந்திருக்கும். நான் எழுதினாலும் நான் நிற்கும் இடத்திலிருந்து ஏதோ ஓர் ஊர் மூட்டமாகத்தான் தெரியும். வழிகாட்டி நூல் எழுதுகிற எவருக்கும் நிற்பதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடத்திலிருந்து தெரியாதவை ஆயிரம் இருக்கும். அது குற்றமில்லை. எங்கே நின்று பேசுகிறோம் என்பதைச் சொல்லாமல், எல்லாம் தெரியும் இடத்தில் நிற்பதைப் போல் பேசுவதுதான் குற்றம்.

இந்தக் குற்றத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஜெர்மனியில் 1827-இல் தொழில் தொடங்கிய பேடெக்கர் என்ற பதிப்பாளரின் வழிகாட்டிகள் சிவப்பு அட்டையோடு ஐரோப்பா முழுவதும் புகழ் பெற்றன. அவர் நேர்மையான மனிதர். நேரில் போய்ப் பார்த்து, விசாரித்து எழுதியவர். எது முக்கியம் என்று காட்டுவதற்காக இடங்களின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டார். பிரயாணிகளுக்கு எவ்வளவோ சௌகரியம். நட்சத்திரம் உள்ளதைப் பார்த்தால் போதும். இல்லாததைத் தாண்டிப் போய்விடலாம். நூறு ஆண்டுகள் கழிந்து 1942-இல் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எக்ஸெட்டர், பாத், நார்விச், யார்க், கான்டர்பரி ஆகிய பழைய ஆங்கில நகரங்கள்மேல் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன. படைபலத்துக்காக அல்ல, அழகுக்காகவே அந்த நகரங்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பேச்சு எழுந்து, 'பேடெக்கர் தாக்குதல்கள்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. பார்க்கச் சொல்லிப் போட்ட நட்சத்திரத்தை அழிக்கச் சொல்லிப் போட்டதாக எடுத்துக்கொள்ளவும் மனிதனால் முடிந்தது.

அப்படியானால் புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிட்டு நம் கண்ணை நம்பிப் போவதுதான் சரியா? அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஈ.எம். ஃபார்ஸ்டர் 1908-இல் வெளியிட்ட ஒரு நாவலில், பிளாரன்ஸ் நகரத்துப் பெரிய மாதாகோவிலுக்குள் ஓர் இளம் பெண் பேடெக்கர் புத்தகம் இல்லாமல் அகப்பட்டுக்கொள்கிறாள். எந்தச் சித்திரத்தை வியப்பது என்று தெரியாமல் முதலில் தவிக்கிறாள். பிறகு மெல்ல மெல்லத் தன் பாட்டுக்குப் பார்க்கத் தொடங்கி மகிழ்கிறாள். படிக்க இனிமையான இடம். ஆனால் அந்தப் பெண்ணுக்கு இளமை இருந்தது, பொழுது இருந்தது, திரும்பிப் போக ஓட்டல் இருந்தது. என் மாமாவுக்கு இருப்பது பத்து நாளும் ஒரு பழுதான முழங்காலும். 'சொந்தக் கண்ணால் பாருங்கள்' என்று அவருக்கு உபதேசம் செய்வது, பசித்தவனிடம் ருசியைப் பற்றிப் பேசுவதைப் போல. எத்தனை படி ஏற வேண்டும், எங்கே உட்காரலாம், எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று யாராவது முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னால்தான் அவருடைய கண்ணுக்கே வேலை கிடைக்கும். மொழியையே பிறரிடமிருந்து கற்றுக்கொண்டவர்கள் நாம். வழியைக் கேட்டுக்கொள்வதில் என்ன இழிவு?

ஆகவே கேள்வி, புத்தகம் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. வழி சொல்கிறவன் கேட்கிறவனுக்கு என்ன கடன்பட்டிருக்கிறான் என்பதுதான். இதை நான் ஊருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. நானே அந்தக் கடனைத் தீர்க்காமல் ஏமாற்றியவன்.

பல வருஷங்களுக்கு முன் ஒரு பத்திரிகையில் எங்கள் மலையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். போடியிலிருந்து குரங்கணிப் பக்கம் போகும் பாதை, ஓடை, புல்மேடு, காலையில் இறங்கும் மேகம் எல்லாவற்றையும் என்னால் முடிந்த மட்டும் அழகாக வர்ணித்திருந்தேன். ஒரு படமும் போட்டார்கள். நன்றாக இருக்கிறது என்று பலர் எழுதினார்கள். சில மாதம் கழித்து வெளியூர் வாசகர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. கட்டுரையைப் படித்துவிட்டுத் தம் வயதான தாயாரோடு சித்திரை மாதத்தில் அங்கே போயிருக்கிறார். ஓடையில் தண்ணீர் இல்லை. புல்மேடு காய்ந்து கருகிக் கிடந்தது. மேகத்தைத் தேடி மேலே போக, அம்மாள் வெயிலில் மயங்கி விழுந்துவிட்டார்கள். தலைச்சுமையோடு இறங்கி வந்த ஒருவர் தம் தண்ணீரைக் கொடுத்து, கைத்தாங்கலாகக் கீழே கொண்டுவந்து விட்டிருக்கிறார். 'நீங்கள் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை என்று அந்த மனிதர் சொன்னார். ஆனால் அது ஐப்பசி மாதத்து மலை என்றும் சொன்னார்' என்று கடிதம் முடிந்திருந்தது.

கட்டுரையை எடுத்துத் திரும்பப் படித்தேன். எல்லாம் இருந்தது, மாதம் இல்லை. ஐப்பசியில் பார்த்ததை வருஷம் முழுவதும் இருப்பதைப் போல் எழுதிவிட்டேன். அழகுக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று, வெயில் காலத்தில் போகாதீர்கள் என்ற ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டேன். நினைத்துப் பார்த்தால், அந்த வாக்கியம் என் மனத்துக்கு வந்ததுகூட ஞாபகம் இருக்கிறது.

2018-ஆம் வருஷம் மார்ச் 11-ஆம் தேதி குரங்கணி மலையில் காட்டுத் தீ பிடித்தது. மலையேற்றத்துக்கு வந்திருந்தவர்கள் அதில் சிக்கிக்கொண்டார்கள். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பெரும்பாலும் இளம் வயதினர். அதற்கு யார் பொறுப்பு என்று தீர்ப்பு வழங்க எனக்குத் தகுதி இல்லை; அந்தப் பேச்சை இங்கே எடுக்கவும் இல்லை. அன்றைக்குச் செய்தி கேட்டதும் என் மனம் போன இடத்தை மட்டும் சொல்கிறேன். மாதம் இல்லாத என் கட்டுரைக்குப் போயிற்று. அந்தக் குழந்தைகளில் எவரும் அதைப் படித்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று இரவு தூங்க முடியவில்லை. அழகான மலைப் படம் எதைப் பார்த்தாலும், இதை எந்த மாதம் எடுத்தார்கள் என்று கேட்கும் பழக்கம் அன்றிலிருந்து வந்தது.

நம் முன்னோர்களுக்கு இந்த விஷயம் தெரிந்திருந்தது என்பதைப் பிறகுதான் கவனித்தேன். பத்துப்பாட்டில் பாதி நூல்கள் ஆற்றுப்படைகள். அதாவது வழிகாட்டி நூல்கள். பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கலைஞனுக்கு வழி சொல்கிறான். இதில் இரண்டு நயங்களைப் பாருங்கள். சொல்கிறவன் போய்த் திரும்பியவன். கேட்கிறவனும் அவனைப் போலவே காலால் நடக்கிற ஏழை. பல்லக்கில் போகிறவன் நடக்கிறவனுக்குச் சொல்லும் வழி அல்ல அது. அவற்றில் மலைபடுகடாம் என்ற பாட்டு, நன்னன் என்ற தலைவனின் ஊருக்கு மலை வழியாகப் போகும் கூத்தர்களுக்குச் சொல்வது. மலையின் செழிப்பை வர்ணிக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் அதோடு நிற்கவில்லை. இந்த இடத்தில் பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், இருட்டில் போகாமல் விடிந்த பிறகு கடந்து போங்கள் என்கிறது. தினைப்புனம் காக்கிறவர்கள் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தின் மறைவில் ஒதுங்கிப் போங்கள் என்கிறது. பாம்பு இருக்கும் இடம், கால் வழுக்கும் இடம் எல்லாம் சொல்கிறது. அரசனைப் புகழ வந்த கவிஞர், அழகுக்கு இடைஞ்சல் என்று பன்றிப் பொறியை விட்டுவிடவில்லை. நான் விட்டுவிட்டேன்.

இந்த நினைவோடு கடையில் திரும்பவும் மூன்று புத்தகங்களையும் புரட்டினேன். இப்போது படத்தைத் தேடவில்லை. 'வேண்டாம்' என்ற சொல்லைத் தேடினேன். வர்ணப் புத்தகத்தில் அந்தச் சொல் அநேகமாக இல்லை. அதில் எல்லா நாளும் நல்ல நாள். எல்லாத் தெருவும் பார்க்க வேண்டிய தெரு. வானம் எப்போதும் நீலம். சிங்கப்பூரில் மழை பெய்யாத மாதமே கிடையாது. அந்தப் புத்தகத்துப் படங்களில் ஒரு குடை இல்லை. சின்னப் புத்தகத்தில் பல இடங்களில் அந்தச் சொல் இருந்தது. நண்பகலில் இங்கே நடக்க வேண்டாம், நிழல் இல்லை. இது சிறுவர்களுக்கு நன்றாயிருக்கும், பெரியவர்களுக்கு வேண்டாம். ஒரே நாளில் இந்த இரண்டையும் சேர்க்க வேண்டாம் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். யாரோ ஒருவர் கால் வலிக்க நடந்து பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார் என்று நம்பிக்கை பிறந்தது.

மற்றொரு விஷயமும் கண்ணில் பட்டது. சிங்கப்பூரின் புனித அந்திரேயா பேராலயத்தை வர்ணப் புத்தகம் கூரையைத் திறந்து காட்டியிருந்தது. வெள்ளைச் சுவர், கூர்மையான வளைவுகள், வர்ணக் கண்ணாடி எல்லாம் இருந்தன. சின்னப் புத்தகத்தில் படம் கட்டைவிரல் அளவு. ஆனால் பக்கத்தில் மூன்று வரி இருந்தது. 1856 முதல் 1861 வரை அதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுபோகப்பட்ட கைதிகள். உட்சுவருக்குப் பூசியது மதராஸ் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் குழைத்தது. படித்ததும் மேனி சிலிர்த்தது. செட்டிநாட்டு வீடுகளில் கண்ணாடி மாதிரி மின்னும் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த மூன்று வரியின் அருமை தெரியும். கூரையைத் திறந்து காட்டிய சித்திரக்காரருக்கு, சுவரைப் பூசிய கை தெரியவில்லை.

தாவரத் தோட்டத்தைப் பற்றிய பக்கமும் அப்படித்தான். வர்ணப் புத்தகத்தில் ஆர்க்கிட் பூக்கள், ஒன்றை ஒன்று மிஞ்சும் அழகு. மரத்தைக் கொல்லாமல் ரப்பர் பால் எடுக்கும் முறையை அந்தத் தோட்டத்தின் தலைவராக இருந்த ரிட்லி என்பவர் வகுத்துக் காட்டினார் என்ற செய்தி சின்னப் புத்தகத்தில்தான் இருந்தது. அதற்குப் பிறகு மலேயாவில் ரப்பர் தோட்டங்கள் பெருகின. அவற்றில் வேலை செய்ய நம் ஜில்லாக்களிலிருந்து கப்பல் கப்பலாக மனிதர்கள் போனார்கள். அங்கே போன தமிழன் அந்த மரத்துக்குப் 'பால்மரம்' என்று பெயர் வைத்தான். அகிலன் தம் நாவல் ஒன்றின் தலைப்பிலேயே அந்தப் பெயரை வைத்தார். ஏலத்தோட்டத்தில் கூலிக்குப் போனவரின் கண்ணுக்கு அந்தத் தோட்டத்தில் ஆர்க்கிட் பூவைவிடப் பால்மரம் பெரிதாகத் தெரியும் அல்லவா?

சின்னப் புத்தகத்தை வாங்கினேன். பழைய தமிழ்ப் பயண நூலை எனக்கென்று வாங்கிக்கொண்டேன். வர்ணப் புத்தகத்தைப் பற்றிக் குறை சொன்னேனே தவிர, அது உபயோகமற்றது என்று சொல்ல மாட்டேன். போக முடியாதவர்களுக்கு அது நல்ல புத்தகம். போகிறவருக்குத்தான் அது போதாது.

சிலமலைக்குப் போய் மாமாவிடம் கொடுத்தபோது எனக்குச் சற்றுத் தயக்கந்தான். "படம் குறைவு மாமா" என்றேன்.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரட்டினார். "படம் எதுக்கு? இந்த எடந்தான்னு அடையாளம் கண்டுக்கிற அளவுக்கு இருந்தாப் போதும். மிச்சத்தைக் கண்ணு பாத்துக்கிரும்" என்றார். பிறகு ஒரு பக்கத்தில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார். சிங்கப்பூரிலேயே உயரமான மலை புக்கித் திமா. உயரம் நூற்று அறுபது மீட்டர் சொச்சம் என்று போட்டிருந்தது. "நம்ம போடி பஸ் ஸ்டாண்டே அதைவிட ஒசரமாச்சேடா! அதுக்குப் பேரு மலையா?" போடி முந்நூறு மீட்டருக்கு மேல் இருப்பதால் அவர் சொன்னது கணக்குப்படியும் சரிதான்.

போனார், பத்து நாள் இருந்தார், திரும்பி வந்தார். பார்க்கப் போனேன். பேராலயத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"பாத்தேன். இப்ப மேலே வேற பூச்சு இருக்கும்போல. இருந்தாலும் ஒரு ஓரமா நின்னு சுவரைத் தொட்டுப் பாத்தேன். யாரு பெத்த பிள்ளைகளோ" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பார் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை. மேஜைமேல் இருந்ததை எடுத்துப் பார்த்தேன். பக்கங்களின் ஓரமெல்லாம் பென்சிலில் எழுதியிருந்தார். 'இங்கே பெஞ்சு இருக்கிறது, உட்காரலாம்.' 'படி இருபத்திரண்டு, கைப்பிடி உண்டு.' 'மூணு மணிக்கு மழை வந்துவிட்டது.' 'இந்தக் கடை மூடிவிட்டார்கள், புத்தகத்தில் தப்பு.' 'பால்மரம் பார்த்தேன், பட்டையில் பழைய தழும்பு.' வாழை இலைச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் தெருவின் பக்கத்தில் மட்டும், 'ரசம் சுமார்' என்று இருந்தது.

"என்ன மாமா இது?" என்றேன்.

"மேலத் தெருவிலே ஒருத்தருக்கு மகன் அங்கே இருக்கான். அடுத்த மாசம் போறாரு. அவருக்கும் முழங்கால் வலி" என்றார் மாமா.

புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பினேன். தம் பெயருக்குக் கீழே, தாம் போய் வந்த மாதத்தையும் வருஷத்தையும் எழுதியிருந்தார்.